பல்லிப் படத்தில் வந்தவர்கள்

போன வாரம் தியேட்டர் தொழிலாளர் சங்கத்துத் தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். விழா மலர் போடுகிறார்களாம். நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். பேசும் படம் வந்ததும், ஊமைப் படத்துக்குக் கதை சொன்னவர்களின் பிழைப்பு எப்படிப் போனது என்பதுதான் விஷயம். தலைப்பைக்கூட அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். 'இனிய நினைவுகள்' என்று. மலரின் முதல் பக்கத்தில் எங்கள் பழைய முதலாளியின் போட்டோ வருகிறது. அதற்குக் கீழே 'நாஞ்சில் நாட்டுத் திரைத் தந்தை' என்று அச்சடிக்கப் போகிறார்கள். அதற்கு அடுத்த பக்கம் எனக்கு. இதைச் சொல்லும்போது தம்பிகளுக்கு அத்தனை சந்தோஷம். நான் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கேட்டார்கள், எழுதுகிறேன். இனிப்பு என்னிடம் இல்லை. வேண்டுமானால் போடட்டும், வேண்டாமென்றால் சுருட்டி எறியட்டும். இடையில் வெட்டிப் போட்டால் மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். பேசும் படம் என் வேலையைப் பறிக்கவில்லை. அது நாகர்கோவில் பக்கம் தலைகாட்டும் முன்னமே என் வேலை போய்விட்டது. அன்றைக்குத் திரையில் ஓடியது ஒரு பல்லிப் படம். என் வேலையைப் பறித்தவர், இவர்கள் மலரின் முதல் பக்கத்தில் மாலை போட்டு உட்காரப் போகிறவர்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறவன் என்றால் என்னவென்று தெரியாது. அப்போதெல்லாம் படத்துக்குச் சத்தம் கிடையாது. நடுநடுவே எழுத்துப் பலகை வரும், அதுவும் இங்கிலீஷில். கொட்டகையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்த மொழி எழுத்தையும் வாசிக்காதவர்கள். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் ஒருவன் நிற்பான். கையில் தகரக் குழாயும் நீளமான பிரம்பும் ஒரு மணியும் இருக்கும். யார் வருகிறார், ஏன் அழுகிறார், எதற்குக் குதிரையில் ஏறுகிறார் என்று அவன் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவன் வாயை மூடினால் படம் வெறும் நிழல்.

நான் அந்த வேலைக்கு வந்தது பெரிய கதையில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடம் வாசிப்பதில் எனக்குப் பேர் இருந்தது. குரல் நன்றாக எழும்பும். அப்பா அம்மா இல்லை. அக்கா சாறாள் மிஷனில் லேஸ் பின்னி என்னைப் படிக்கவைத்தாள். சபையில் வேதம் சொல்லும் உபதேசியார் ஆக்கிவிடலாம் என்று அவளுக்கு ஆசை. நான் ஊர் ஊராகப் படம் காட்டும் கூடாரத்தோடு போய்விட்டேன். தக்கலையில் இருந்து வந்த மைதீன்தான் அங்கே மெஷின் ஓட்டினார். அவர் கையால் சுற்றுவார், நான் பேசுவேன். பேச்சு நீண்டால் மணியை ஒரு தட்டுத் தட்டுவேன், அவர் சுற்றுவதைக் கொஞ்சம் தாழ்த்துவார். இரண்டு தட்டினால் வேகம் கூட்டுவார். விளக்குக்கு முன்னால் படச் சுருளை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் தீப்பிடிக்கும். மறைப்புத் தகட்டைப் போட்டுவிட்டுத்தான் கையை எடுக்க முடியும். அந்தக் கைவாகு இன்றைய மோட்டார்க்காரர்களுக்கு வராது. அதுவும் கிடக்கட்டும்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்தவே மாட்டார். மெஷினுக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலி போட்டு, ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு, வெள்ளி டப்பியில் இருந்து பொடி எடுத்து மெதுவாக இழுப்பார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பொடியை முழுதாக இழுத்து, மூக்கைத் துடைத்து, டப்பியை மூடிய பிறகுதான் சொல்லுவார். அது வரைக்கும் எதிரில் நிற்கிறவன் நிற்க வேண்டும். எனக்குத் தர வேண்டியதைக் கையில் தர மாட்டார். பெஞ்சில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் பெயர் யேசுவடியான். அந்தப் பெயர் அவர் வாயில் ஒரு நாள்கூட வந்ததில்லை. "ஏலே கதைகாரா" என்பதுதான் எனக்கு அவர் வைத்த பெயர்.

அப்படிப்பட்டவர் எனக்குத் தொழிலில் சொல்லித்தந்த முதல் சட்டம் என்ன தெரியுமா? பெயர் சொல்ல வேண்டும் என்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சண்டைப் படத்தில் நாலைந்து பேர் குதிரையில் வந்து போனார்கள், நான் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். சுருள் மாற்றும் இடைவேளையில் கூப்பிட்டார். பொடி, டப்பி எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்:

"திரையில ஒருத்தன் வந்தா அவனுக்க பேரைச் சொல்லணும். பேரில்லாம ஒருத்தனும் திரையை விட்டுப் போகப்பிடாது. பேரு தெரியாட்டா நீ வையி. பேரு வச்சாத்தான் ஜனம் அவனுக்காக அழும்."

சரியான பேச்சு. இன்றைக்கும் சொல்லுகிறேன், தொழில் தெரிந்த மனிதர். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ஒன்றும் தெரியாத முட்டாள் செய்திருந்தால் இத்தனை கோபம் வராது.

அவர் சொன்னபடியே செய்தேன். திரையில் வந்த துரைமாருக்கெல்லாம் நம் ஊர்ப் பெயர் வைத்தேன். தொப்பி போட்ட குண்டுத் துரை தோவாளையில் பூ மொத்தம் எடுக்கும் வியாபாரி ஆகிவிடுவார். குதிரைக்காரன் மார்த்தாண்டம் சந்தை மாட்டுத் தரகன். எந்த ஊரில் கூடாரம் போட்டோமோ அந்த ஊருக்கு ஏற்ற மாதிரி கதையும் மாறும். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். முதலாளி சிரிக்க மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் படம் வந்தது. அதன் இங்கிலீஷ் பெயர் எனக்கு இப்போது நினைவில்லை. மனிதன் வீடு கட்டத் தெரியாமல் குகையில் கிடந்த காலத்துக் கதை. ஆணும் பெண்ணும் தோலைச் சுற்றிக்கொண்டு, முடியை விரித்துப்போட்டு, கல்லால் அடித்துக்கொள்வார்கள். இரண்டு குகைக் கூட்டத்துக்குச் சண்டை. ஒரு கூட்டத்துப் பையன் அடுத்த கூட்டத்துப் பெண்ணைக் கண்டு ஆசைப்படுவான். நடுவே மலை உயரத்துக்கு மிருகங்கள் வரும். இப்போது பிள்ளைகள் டைனோசர் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. உற்றுப் பார்த்தால் அது பல்லி. சாதாரணப் பல்லியைப் பிடித்து, முதுகில் முள்ளை ஒட்டி, கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். கூடாரத்துக்காரர்கள் எல்லோரும் பல்லிப் படம் என்றே சொன்னோம்.

முதலில் தோவாளையில் போட்டோம். அங்கே இராட்சதர் காலத்துக் கதை என்று சொன்னேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று திரைக்குப் பின்னால் புகுந்து துணியைப் புடைக்கவைத்தது. பல்லியின் வயிறு ஊதி ஊதி அமர்ந்தது. முன்னால் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறது என்று எழுந்து பின்னால் ஓடினார்கள். மறுநாள் வயல்வேலைக்காரர் ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, "இது உடும்புல்லா, தோலுரிச்சு வறுத்தா எப்படி இருக்கும் தெரியுமா" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். அன்று அவர் பேச்சுக்கு விழுந்த சிரிப்பு என் பேச்சுக்கு விழவில்லை. அந்த மட்டும் நல்ல நாட்கள்தான். இனிய நினைவு வேண்டுமென்றால் இந்தப் பாராவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு கூடாரத்தை மேற்கே கொண்டுபோனோம். மார்த்தாண்டத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் அந்தப் பக்கத்தில் பெரிய வீட்டுக்காரர். அவர் மனம் வைத்தால்தான் அங்கே கூடாரம் போட முடியும். எங்கள் ஊரும் அதை ஒட்டித்தான், சுற்றிலும் சபைக்காரர்கள் அதிகம். அதில்தான் சிக்கல். சபைக்காரர்கள் பயாஸ்கோப் பார்க்கக் கூடாது என்று ஐயர், அதாவது சபைப் போதகர், பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். முதல் நாட்களில் தரை டிக்கெட் இடம் காலியாகக் கிடந்தது. முதலாளி ஒரு நாள் முழுக்கப் பொடி போட்டு யோசித்தார். மறுநாள் வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து ஊரெல்லாம் சொல்லச் செய்தார்: நோவா காலத்துப் படம், பிரளயத்துக்கு முன்னே பூமியில் திரிந்த பிகெமோத்தும் லிவியாதானும் இதோ.

கெட்டிக்காரர்தான். யோபுவின் ஆகமத்தில் அந்த மிருகங்களின் பெயரை மாத்திரம் கேட்டு, உருவம் பார்க்க முடியாமல் கிடந்த ஜனம் அது. உபதேசியார் யோசித்துவிட்டு, வேதத்தில் உள்ளதைப் பார்ப்பதில் தோஷம் இல்லை என்று சொல்லிவிட்டார். கடைசி நாள் முதல் ஆட்டத்துக்கு லேஸ் வேலைசெய்யும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வருவதாகப் பேச்சு. சாறாள் அக்காவும்.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் முதலாளி மைதீனையும் என்னையும் கூப்பிட்டு, கூடாரத்தைக் கறுப்புப் படுதாவால் மூடச் சொல்லி, மூன்றாவது சுருளை மட்டும் ஓட்டிக் காட்டச் சொன்னார். பிரளயத்துக்கு ஏற்றாற்போல் பேச்சை மாற்றிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். குகைப் பெண் வரும் இடம் வந்தது. தோள் தெரிய, இடுப்புத் தோலோடு பாறையில் உட்கார்ந்திருப்பாள். பையன் ஒரு மிருகத்தின் தோலைக் கொண்டுவந்து அவள் தோளில் போடுவான். அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். மனுஷி முதல் முதலாக ஒன்றைப் போர்த்திக்கொள்கிறாள்.

முதலாளி நிறுத்தச் சொன்னார். பொடி இழுத்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன். இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியதை எனக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். தரையில் இருக்கிற பெண்களின் பாட்டிமார்கள் மேலே துணியில்லாமல் நடந்த காலம் இது, வெள்ளைக்காரன் வந்து சீலை கொடுத்தான், கண் நிறையப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் பிரம்பால் அவளைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் எங்கள் பெண்கள் தோள்சீலை போடும் உரிமைக்காக நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. சந்தையில் சீலையைப் பிடித்துக் கிழித்ததும், சபைக் கோயிலுக்குத் தீ வைத்ததும் அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தெரியும். எங்கள் அம்மாவின் அம்மா தோளில் தழும்போடு செத்தாள். அந்த வருடம் லேஸ் பெண்கள் தோப்புக்காரர் வீட்டு வாசல் வழியாகக் குடை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். பெரிய சாதிக்காரர் வாசலில் எங்கள் ஜனம் குடை பிடிக்கக் கூடாது என்பது பழைய கட்டு. குடையைச் சுருக்கச் சொல்லி ஆள் அனுப்பினார், அவர்கள் சுருக்கவில்லை. அந்தக் கோபம் அவருக்கு இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டாரோடு அவர் படம் பார்க்க வருகிறார். அவரைக் குளிரவைக்க முதலாளி கண்டுபிடித்த வழி இது. மறுநாள் கூடாரத்தைப் பிரிக்கப் போகிறோம், தரைக்காரர்கள் திரும்பி வந்தால் என்ன வராவிட்டால் என்ன?

நான், அது படத்தில் இல்லையே முதலாளி என்றேன். அவர் டப்பியை மூடினார்.

"படத்துல இல்லாததைச் சொல்லத்தானேலே உன்னை வச்சிருக்கியது."

மைதீன் தலையைக் குனிந்துகொண்டு சுருளைப் பின்னுக்குச் சுற்றினார். நான் வெளியே வந்தேன். சொன்னால் வேலை இருக்கும். சொல்லாவிட்டால் அன்றோடு முடிந்தது. அதில் எனக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை, சொல்லப்போவதில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. நான் சொல்லாவிட்டாலும் அதைச் சொல்ல அந்தக் கொட்டகையில் வாய் இருக்கிறது, அக்கா அதைக் கேட்கத் தரையில் உட்கார்ந்திருப்பாள்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து வெள்ளைச் சீலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வராதே அக்கா, பல்லியை நோவா காலத்து மிருகம் என்று ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். காரணத்தை என் வாயால் அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லக்கூடிய பேச்சா அது? அவள் சிரித்தாள்.

"பல்லியோ பாம்போ, எனக்கு என்ன மக்கா. நீ பேசுகதை நான் ஒரு நாளாவது கேக்கண்டாமா?"

நான் கூடாரத்துக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவதுபோல் வெளுத்த சீலை, தோளில் ஓரம் பின்னிய மேல்சீலை, கையில் குடை. இரண்டு மூன்று பேர் வேதப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கூடாரத்தில் இரண்டு வாசல். நாற்காலிக்காரர்களுக்குப் பின்னால், மெஷின் பக்கம். தரைக்காரர்களுக்கு முன்னால், திரையை ஒட்டி. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வந்து போகலாம். அந்த ஏற்பாடும் முதலாளியுடையதுதான், விழா மலரில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரை தாழ்வாகத்தான் இருக்கும். முன்னால் யாராவது எழுந்து நடந்தால் அவர்கள் தலையும் தோளும் நிழலாகத் திரையில் விழும். தரைக்காரர்கள் படம் முடிகிற வரைக்கும் எழும்பக் கூடாது என்று அதனால் ஒரு கட்டளை.

விளக்கை அணைத்ததும் அந்தப் பெண்கள் எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார்கள். கூட்டம் என்றால் ஜெபத்தோடு தொடங்கும் என்பது அவர்கள் பழக்கம். பின்னால் நாற்காலியில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். நான் பேச்சை எடுக்காமல், அவர்கள் தலை நிமிரும் மட்டும் மணியைத் தொடாமல் நின்றேன். மைதீனும் புரிந்துகொண்டு காத்திருந்தார்.

முதல் இரண்டு சுருளும் நன்றாகப் போயின. மிருகம் வந்தபோது பிகெமோத் என்றேன், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த தாயம்மாள் சத்தமாகத் தோத்திரம் சொன்னார். அக்கா திரையைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தாள். மூன்றாவது சுருள் ஏறியது. குகைப் பெண் பாறையில் உட்கார்ந்தாள். பையன் தோலைக் கொண்டுவந்தான். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலாளி அவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார். எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

நான் பிரம்பைக் கீழே போட்டேன். தகரக் குழாயை வாயில் வைத்துச் சொன்னேன்: "இவளே ஆதித் தாய். தரையில் இருப்பவருக்கும் இவள்தான் தாய், நாற்காலியில் இருப்பவருக்கும் இவள்தான் தாய். முதல் முதலாக இன்றைக்குப் போர்த்திக்கொள்கிறாள். இனி அவள் தோளில் இருந்து இதை எடுக்க எவனுக்கும் அதிகாரம் இல்லை."

பிறகு பின்னால் இருந்து முதலாளியின் குரல் வந்தது. கத்தாத மனிதர் அன்றைக்குக் கத்தினார்.

"தாயும் இல்லை மண்ணும் இல்லை. தரையில இருக்கியவளுகளே, நல்லாப் பாத்துக்கிடுங்க. உங்க பாட்டிமாரு இப்படித்தான் நடந்தாளுவ. வெள்ளைக்காரன் குடுத்த துணிதான் உங்க தோளுல கிடக்கியது."

நாற்காலிகள் சிரித்தன. தோப்புக்காரர் சிரித்தார், அவர் வீட்டுப் பெண்கள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு இருமல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த வாத்தியாரின் இருமல் அது. அவர் நல்லவர் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். மனுஷன் சிரித்து இருமுகிறார்.

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். அன்றே என்னை வேலையைவிட்டு அனுப்பினார். போகட்டும், அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பயாஸ்கோப்புக்குப் போன குற்றத்துக்காக ஐயர் அந்தப் பெண்கள் எல்லோரையும் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் இருந்து நிறுத்திவைத்தார். கொட்டகையில் என்ன நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகலாம் என்று சொன்ன உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வருடம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தாள். ஒருவன் அவமானப்படுத்துகிறான், அடுத்தவர் அதற்குத் தண்டனையும் கொடுக்கிறார். இரண்டு பக்கமும் அடி வாங்க எங்கள் ஜனம்தான் கிடைத்தது. பிறகு பேசும் படம் வந்தது, முதலாளி நாகர்கோவிலில் தியேட்டர் கட்டினார், பெரிய மனிதர் ஆனார். வேறு முதலாளியிடம் போன மைதீன் எனக்கு மெஷின் கற்றுத்தந்தார். ஓய்வு பெறும் வரைக்கும் மெஷின் அறை ஜன்னலுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் படம் ஓட்டினேன். எல்லாம் தானே பேசும் படங்கள், நான் பெயர் சொல்வது யாருக்கும் தேவைப்படவில்லை.

கொட்டகைக்குத் திரும்புகிறேன். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, குகைப் பெண் தோலைத் தடவிக்கொண்டிருக்கிறாள். நான் குழாயை இறக்கிவிட்டேன். தரையில் தாயம்மாள் எழுந்தார். குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலைப் பார்த்து நடந்தார். அவர் தலையும் தோளும் மேல்சீலையும் திரையில் விழுந்தன, குகைப் பெண் அந்த நிழலுக்குப் பின்னால் மறைந்துபோனாள். அடுத்து இன்னொருத்தி எழுந்தாள். முதலாளி பின்னால் இருந்து, இருங்கட்டி, படம் மறைக்குது என்று அதட்டினார். யாரும் இருக்கவில்லை.

திரையில் ஒருவர் வந்திருக்கிறார். பெயர் சொல்லாமல் விடக் கூடாது. எனக்குக் கற்றுத்தந்த சட்டம் அதுதானே? குழாயை எடுத்தேன். துரைமாருக்கும் ராஜாக்களுக்கும் நான் கொடுக்கிற அதே குரலில், அதே மரியாதையில் சொன்னேன்.

"இதோ வருகிறார் தாயம்மாள். கணவன் இறந்த பிறகு மூன்று பெண்பிள்ளைகளை நூலை நம்பி வளர்த்தவர்."

நாற்காலியில் சிரிப்பு நின்றது. அடுத்த நிழல் வந்தது.

"இதோ வருகிறார் அன்னம்மாள். இவர் கை பின்னிய லேஸ் கப்பல் ஏறிப் போயிருக்கிறது. இதோ ரோசம்மாள். காலரா வந்த வருடம் தெருவில் கிடந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி கொண்டுபோனவர்."

"நிறுத்துலே கதைகாரா," என்றார் முதலாளி. பிறகு மைதீனைப் பார்த்து மெஷினை நிறுத்தச் சொன்னார். நான் மணியை ஒரு தட்டுத் தட்டினேன். மைதீன் நிறுத்தவில்லை. நான் கேட்டபடியே, சுற்றுவதைத் தாழ்த்தினார். வெளிச்சம் நிதானமாக நின்றது. நான் எல்லோர் பெயரையும் சொல்லி முடிக்க அவகாசம் கிடைத்தது. தெரியாத ஒன்றிரண்டு பேரிடம் நின்று கேட்டேன், அவர்களே தங்கள் பெயரைச் சொன்னார்கள், நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

கடைசியில் சாறாள் அக்கா வந்தாள். திரைக்கு நேரே வந்ததும் குழாயை வாயில் இருந்து எடுத்துவிட்டேன். அவள் வாசலுக்குப் போகவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி, நாற்காலிகளுக்கு முகம் தெரிய நின்றாள்.

"எல்லாவருக்க பேரையும் சொன்னியே மக்கா. எனக்க பேரைச் சொல்லு."

சொன்னேன். "இவர் பெயர் சாறாள். எனக்கு அக்கா. இத்துடன் படம் முடிந்தது."

மணியை அடித்தேன். மைதீன் தகட்டைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தார், கொட்டகை இருட்டானது. பெட்டியில் இன்னும் இரண்டு சுருள் ஓட்டாமல் கிடந்தது.